பூங்காவைப் பூட்டுவதானால் மத்தியானம் பூட்டுங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், வேலூர் செய்தியில் வந்துவிடும். இன்றைக்கு இத்தனை டிகிரி என்று போடுவார்கள். நாமும் அதை ஸ்டேட்டஸில் வைத்து ஒரு மாதிரி பெருமைப்பட்டுக்கொள்வோம். இந்த வெயிலில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், வயசானவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்து மைதானத்தில் மே மாதம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் பார்த்தால் புரியும். விடிந்தும் விடியாமலும் ஸ்டம்ப் நட்டுவிடுகிறார்கள். எட்டு மணிக்குள் ஆட்டம் பிசுபிசுத்துவிடுகிறது. பந்து எந்தப் பக்கம் போனாலும் சரி, ஃபீல்டர்கள் எல்லாரும் வேப்பமர நிழல் விழுகிற பக்கம்தான் நிற்கிறார்கள். பவுலர் பாவம், தனியாக வெயிலில் ஓடுகிறான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூங்காவுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. இரும்புச் சறுக்குமரத்தில் ஒரு அம்மா முதலில் கையை வைத்துப் பார்க்கிறார், அப்புறம் பாட்டில் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றுகிறார். அது காய்ந்த பிறகுதான் குழந்தைக்கு அனுமதி.

"கத்திரி நமக்கென்ன புதுசா?" என்று கேட்பார்கள். புதுசு இல்லைதான். கடல் இங்கிருந்து 130 கிலோமீட்டர் தள்ளி. சென்னைக்காரர்களுக்கு மத்தியானமே வந்துவிடும் கடற்காற்று நமக்கு இருட்டிய பிறகு வந்தால் உண்டு, பல நாள் அதுவும் கிடையாது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி நம்மீது விடுகின்றன. இப்போது மாறியிருப்பது அந்த ராத்திரிதான். காற்றில் கரியமில வாயு சேரச் சேர, தரை விடும் சூடு மேலே போக முடியாமல் தேங்குகிறது. கீழே நாம் வேறு மண்ணைக் காணவிடாமல் சிமெண்ட் போட்டு வைத்திருக்கிறோம். முன்பு மொட்டைமாடியில் பாய் விரித்தால் பத்து மணிக்குத் தூக்கம் வரும். இப்போது நள்ளிரவிலும் தளம் முதுகில் சுடுகிறது. தூங்காதவன் காலையில் எழுந்து எங்கே ஓடுவது?

சரி, ஏலகிரிக்குப் போங்கள் என்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், அவ்வளவுதான். ஏலகிரி 1,100 மீட்டர்கூடச் சரியாக இருக்குமோ என்னவோ. வேலூரில் 42 என்றால் அங்கே 36, 37. அதற்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை கார் வரிசையில் ஊர்ந்துபோக வேண்டும். ஜலகாம்பாறை அருவியில் கோடையில் பாறைதான் இருக்கும். மழை பெய்து தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. காட்டுக்குள் நடக்கலாம் என்றால் அது தீப்பிடிக்கும் பருவம். 2018-ல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. கணக்குப் போட்டால் நிம்மதியாக வெளியே சுற்ற டிசம்பர், ஜனவரி, கொஞ்சம் பிப்ரவரி. மீதி மாதங்களில் மால்தான்.

மழையும் முன்போல அளவாகப் பெய்வதில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். காலமெல்லாம் மணலாகப் பார்த்த ஆற்றைத் தண்ணீரோடு பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் பாலத்துக்குப் போனோம். போலீஸ் விரட்டியும் செல்ஃபி நிற்கவில்லை. சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்கள் இல்லையா? கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். ஆற்றுக்கும் எப்போதாவது தண்ணீர் வந்துவிடுகிறது. மலை மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. மார்ச் முதல் ஜூன் வரை பூங்காவையும் மைதானத்தையும் காலை நாலரைக்குத் திறந்துவிடுங்கள். பத்து மணி முதல் ஐந்து வரை பூட்டிக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டோம். ராத்திரி பதினொரு மணி வரை விளக்கு எரியட்டும். நான் போகிற பூங்காவில் எட்டு மணிக்கே விசில் ஊதி வெளியேற்றுகிறார்கள், வெளியே கொஞ்சம் காற்று வீச ஆரம்பிக்கும் நேரத்தில்! மேம்பாடு என்ற பெயரில் டைல்ஸ் ஒட்டுவதை நிறுத்திவிட்டு புங்கனும் வேம்பும் வையுங்கள். கோடைக்கால விளையாட்டுப் பயிற்சியைச் சாயங்காலம் நாலரைக்கு வைக்கிறவர்கள் ஒரு நாள் அந்த நேரத்தில் மைதானத்தில் தொப்பி இல்லாமல் நின்று பார்க்க வேண்டும்.

விளக்குக்கும் காவலாளிக்கும் பணம் எங்கே என்பார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசே அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. நல்ல விஷயம். செத்த பிறகு கொடுக்க வழி இருக்கிறதென்றால், உயிரோடு இருப்பவன் ராத்திரி ஒரு மணி நேரம் நடக்க நாலு விளக்குப் போடவும் வழி இருக்கும்.