ஊசி போடுவதை மறைக்காதீர்கள்

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு என்று நம் ஆட்கள் இருக்கும் பக்கமெல்லாம் உடம்பு குறைய வாரம் ஒரு ஊசி போடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இந்த ஊசிகளில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, வெகோவி ஜூனில். நல்ல மருந்துதான். இதய நோயும் அதிக எடையும் உள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் வெகோவியில் உள்ள மருந்தான செமாக்ளூடைடைச் சோதித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்த்து 20 சதவீதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வந்தது. என் கவலையெல்லாம், பலர் இதை யாருக்கும் சொல்லாமல் போட்டுக்கொள்கிறார்களே என்பதுதான்.

எங்கள் பில்டிங்கில் ஒரு மாமி ஊசிப் பேனாவை ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் வரிசையாகச் சொன்னார், ஊசியை மட்டும் விட்டுவிட்டார். மாவு எடுக்கப் போய் பேனாவைப் பார்த்திருந்த மகள்தான் சொன்னாள். ஆபரேஷன் தள்ளிப்போனது.

தள்ளிப்போனதே நல்லது. குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் இந்த மருந்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தாலும் உள்ளே சாப்பாடு மிச்சமிருக்கலாம். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மயக்க மருத்துவர்கள் சங்கம் 2023-ல் வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024-ல் வேறு சங்கங்களோடு சேர்ந்து, ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம், சிலருக்கு முந்தின நாள் நீராகாரம் மட்டும் கொடுக்கலாம் என்றது. எதுவானாலும் டாக்டருக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டுமே!

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பெரும்பாலும் டோஸ் ஏற்றும்போது வந்து பிறகு அடங்கும். ஆனால் மேல்வயிற்றில் கடுமையான வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் வாயு என்று ஓமத்திரவம் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கணைய அழற்சியாக இருக்கலாம். அப்புறம், கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பசியில்லை என்று சாப்பிடாமல் விட்டால் சுகர் திடீரென இறங்கிவிடும். அந்த டோஸைக் குறைக்க வேண்டுமா என்று சுகர் டாக்டர் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் இளைக்கப் போடும் பெண்களும் சொல்வதில்லை. மவுன்ஜாரோ போடும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். செமாக்ளூடைடைக் கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசியே கூடாது. அதைப் பெரியவர்களைக் கேட்டால்தானே தெரியும்?

மறைப்பவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "வாயைக் கட்டினால் போதாதா?" என்று நாலு பேர் கேட்பார்களே என்ற பயம்தான் அவர்களுக்கு. அப்படிக் கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். போடுகிறவர்கள் மருந்தின் பெயர், டோஸ், கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள்.