அந்தப் பிள்ளையின் கையிலிருந்து மைக்கை ஏன் வாங்கினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்களும், வாட்சாப்பில் அந்தக் காணொளியைப் பார்த்தவர்களும் "நீங்க ஏன் இன்னும் ஒண்ணும் எழுதல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கோபம் அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கவில்லை.

அந்தப் பிள்ளை தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். நம் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று சட்டத்துறையில் இறுதியாண்டில் இருக்கிறாள். ஒருவரைக் கைது செய்த முதல் 24 மணி நேரத்தில் அவருடைய குடும்பத்துக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியாமல் போகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. விடுமுறை நாட்களில் கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களோடு பேசியிருக்கிறாள், செம்பனைத் தோட்டங்களுக்குப் போய் வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள். அதை நமக்குச் சொல்லத்தான் வந்தாள். பாதியில் தலைவர் எழுந்து மைக்கை வாங்கி, "நம்ம இனத்த நாமளே ஏம்மா கேவலப்படுத்தணும்? லாயருக்குப் படிச்சோமா, சம்பாதிச்சோமான்னு இரு" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். அவர் பேசியதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

தலைவர் ஐயா, உங்கள் வயதுக்கும் நீங்கள் கோவிலுக்குச் செய்ததற்கும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை யாரையும் கேவலப்படுத்தவில்லை. நமக்குத் தேவையான ஒன்றைச் சொல்ல வந்தாள். நீங்கள் சொல்ல விடவில்லை.

அவள் சொல்ல வந்ததை நான் சொல்கிறேன். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று மலேசிய அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறது. ஏன் கைது செய்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரோடு பேசவும் விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கென்றே 28ஏ என்ற பிரிவு இருக்கிறது. விதிவிலக்கு உண்டுதான். ஆனால் அதற்கும் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும்.

அப்புறம் ரிமாண்டு, அதாவது விசாரணைக்காகக் காவலில் வைத்திருப்பது. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றமென்றால் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், அடுத்த தடவை 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றமென்றால் 7 நாள், இன்னொரு 7 நாள். போலீஸ் கேட்டவுடன் தானாகக் கிடைப்பதில்லை இது. பிடிபட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ மாஜிஸ்திரேட்டிடம் பேசலாம், அதைக் கேட்டுத்தான் நாட்களை முடிவு செய்ய வேண்டும். இது அதே நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவிலேயே இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசு இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. 2012லிருந்து கைது, ரிமாண்டு கட்டங்களில் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறார்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் ஐந்தாம் படிவம் படித்த வருடம், மாமா மகனை மோட்டார் சைக்கிள் திருட்டு என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். எந்த ஊர் பாலாய் (போலீஸ் நிலையம்) என்று எழுத விரும்பவில்லை. அம்மாவும் மாமாவும் இரவெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "காலையில வாங்க" என்றார்கள். காலையில் போனால் ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். எந்தக் கோர்ட், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. ஒட்டுக்கடையில் ஒருவர் வந்து "எனக்கு உள்ள ஆள் தெரியும்" என்று சொல்லி 800 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். அத்தையின் வளையலை அடகு வைத்த காசு. அந்த ஆளை அப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை. முதலில் 4 நாள், பிறகு 3 நாள். கடைசியில் குற்றம் எதுவும் சாட்டாமல் விட்டுவிட்டார்கள். தொழிற்சாலையில் அவனுடைய வேலை போய்விட்டது. மாமா அதற்குப் பிறகு கோவில் திருவிழாவுக்கு வருவதையே விட்டுவிட்டார். மகன் திருடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் வரவில்லை.

அந்த இரவில் 28ஏ என்று ஒரு பிரிவு இருப்பதைச் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். இந்தப் பிள்ளை சொல்ல வந்தது அதைத்தான். அவளிடமிருந்துதான் மைக்கை வாங்கினீர்கள்.

"இதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதுவார். நம் ஊருக்கு எதற்கா? 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டது இந்தச் சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது. விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்கும் அதிகாரம் நாடு முழுக்கப் பரவியது. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டது அந்த அவசரகாலச் சட்டத்தில்தான். 1960ல் அவசரகாலம் முடிந்தது, அதே ஆண்டு விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கும் ஐ.எஸ்.ஏ. என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2012ல் ஐ.எஸ்.ஏ. போனது, சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்களுக்கான சட்டம் வந்தது. சொஸ்மாவில் 28 நாள் பிடித்து வைக்கலாம், ஜாமீன் கிடைப்பதும் அரிது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொஸ்மாவில் 12 பேரைப் பிடித்தார்களே, நினைவிருக்கிறதா? 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அத்தனை குற்றச்சாட்டையும் கைவிட்டார். அதுவரை அவர்கள் உள்ளே இருந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? குற்றவியல் சட்டத்தை ஆராய்வதற்கு இந்த ஊர்ப் பிள்ளைக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

இன்னொரு கூட்டம் சொல்கிறது: "அவ ஸ்டூடண்ட்தானே, அனுபவம் இல்லாம என்ன தெரியும்?" அனுபவம் உள்ள வழக்கறிஞர் இந்தப் பக்கம் வந்து அம்மாக்களோடு உட்கார்ந்து பேசியதை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை. மாணவிக்கு நேரம் இருக்கிறது, கேட்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் கேள்விகளைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார், யாருடைய பெயரும் ஆய்வில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேசியிருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு பாலாயில் ரிமாண்டு முடிந்ததும் இன்னொரு பாலாயில் வேறு ரிப்போர்ட்டைக் காட்டி மறுபடி ரிமாண்டு எடுப்பதைப் பற்றி வழக்கறிஞர்கள் பல வருடமாகப் பேசுகிறார்கள். அதை நம் தோட்டத்துக் குடும்பங்கள் எப்படி அனுபவிக்கின்றன என்பதைத் தமிழில் கேட்டு எழுத யார் இருக்கிறார்கள்?

திருடனுக்கு ஏன் இவ்வளவு பரிவு, பறிகொடுத்தவனுக்கு யார் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. என் சித்தியின் சங்கிலியை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அறுத்துக்கொண்டு போனார்கள், கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. அறுத்தவன் பிடிபட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். வேறு ஒருவனைப் பிடித்து ஒரு வாரம் வைத்திருந்தால் சித்திக்கு என்ன கிடைக்கும்?

"கேவலம்" என்றீர்களே ஐயா, எது கேவலம்? 2009ல் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட குகன் காவலிலேயே இறந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடாமல் கேட்டதால் இரண்டாவது பரிசோதனை நடந்தது, அடிபட்ட காயங்கள் வெளியே வந்தன. 2013ல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த அம்மா வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் நீர் கோத்து இறந்ததாகவே எழுதி முடித்திருப்பார்கள். கேட்டதால்தான் தெரிந்தது. கேட்பதைத்தான் நீங்கள் கேவலம் என்கிறீர்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ எடுத்தால் அதே மேடையில் மாலை போடுகிறோம், ஹேம்பர் கொடுக்கிறோம், படம் பிடித்துப் போடுகிறோம். அதே பிள்ளை நாலு வருடம் கழித்துத் தான் யோசித்ததைச் சொல்ல வந்தால் உட்காரச் சொல்கிறோம். பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் உட்காரச் சொல்கிறோம். நம் பையன்கள் கேங்கில் சேர்வது எல்லோருக்கும் தெரியும், எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் தெரியும், மேடையில் மட்டும் அப்படி ஒன்றுமே இல்லை. அவள் கீழே இறங்கும்போது அவளுடைய அம்மா தலை குனிந்தபடி பையைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் இருட்டு பிரியாத காலையில் வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைத்த அம்மா அவர். அவரை ஏன் தலை குனிய வைத்தீர்கள்? மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அவளிடம் நேற்று பேசினேன். ஆய்வை நிறுத்தப் போவதில்லை என்றாள். ஆனால் பேசச் சம்மதித்திருந்த இரண்டு குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சுங்கை சிப்புட், கோலாகங்சார் பக்கத்தில் வீட்டில் யாராவது ரிமாண்டில் இருந்த அனுபவம் உள்ளவர்கள், பேச விருப்பம் இருந்தால் எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வெளியே வராது. வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் என் வீட்டிலேயே சந்திக்கலாம். அந்தப் பிள்ளையின் பெயரையோ படத்தையோ யாராவது கீழே போட்டால் உடனே நீக்கிவிடுவேன்.