டேப் சுற்றிய சார்ஜர்

அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த இரண்டாவது இரவு. வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும். போனில் நாலு சதவீதம்தான் சார்ஜ். வெளியூரிலிருந்து கிளம்பிவிட்ட தம்பி எப்போது வேண்டுமானாலும் அழைப்பான். சார்ஜர் வீட்டில். பக்கத்தில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பழைய வியாதி எனக்கு.

எதிரே இருந்த பெரியவர் நான் போனைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். எழுந்து வந்து தன் சார்ஜரை என் நாற்காலிக்குப் பக்கத்து பிளக்கில் செருகி, ஒயரின் நுனியை நீட்டினார். இரண்டு இடத்தில் பிய்ந்துபோய்க் கறுப்பு டேப் சுற்றிய ஒயர். "இப்படி லேசா மடக்கி வெச்சாத்தாம்மா ஏறும்" என்று காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். உள்ளே யார், என்ன ஆயிற்று, எதுவும் கேட்கவில்லை. விடியப்போகும் நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். நர்ஸ் வந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, "எம்மா, உங்களைத்தான்" என்று எழுப்பியதும் அவர்தான். நான் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பதை முந்தைய நாளே காதில் வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

இதைப் பலரிடம் சொல்லிவிட்டேன். "இந்தக் காலத்துல இப்படியும் மனுஷங்களா!" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் வியந்தேன். இப்போது எனக்கு அந்த வியப்பின் மேல்தான் கோபம். ஒரு சார்ஜருக்கே இவ்வளவு வியக்கிறோம் என்றால், நம்மைச் சுற்றியிருப்பவர்களை அதுவரை எவ்வளவு மட்டமாக எடைபோட்டு வைத்திருந்தோம்?

2019இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 40 நாடுகளில், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை, வங்கி, தங்கும் விடுதி, தபால் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசைகளில் "வழியில் கிடந்தது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சில பர்ஸ்களில் பணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் நாமும் நினைப்போம், கருத்துக் கேட்கப்பட்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நடந்தது தலைகீழ். பணம் இல்லாத பர்ஸுக்கு உரியவரைத் தொடர்புகொண்டவர்கள் சராசரியாக 40 சதவீதம். பணம் இருந்த பர்ஸுக்கு 51. எனக்கு இதைவிடப் பிடித்தது அந்தச் சாவி. பெரும்பாலான பர்ஸ்களில் ஒரு சாவியையும் போட்டு வைத்திருந்தார்கள், மூன்று நாடுகளில் மட்டும் சில பர்ஸ்களைச் சாவி இல்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். எடுத்தவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தொலைத்தவருக்குத்தான் திண்டாட்டம். சாவி இருந்த பர்ஸ்கள் இன்னும் அதிகமாகத் திரும்பின. முகம் பார்க்காத ஒருவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பதை யாரோ மனதில் பார்த்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லோரையும் நம்பு, எல்லோரிடமும் சிரி என்று நான் சொல்லவில்லை. பெண்ணாக வெளியே நடமாடுகிறவளுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை பின்னால் வந்தவனும் ஓர் அந்நியன்தான். எச்சரிக்கை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அது தேவைப்படாத இடத்தில் இருப்பவர்கள். ஆனால் அந்த ஒருவனுக்காக வைத்துக்கொண்ட முகத்தை நான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். லிஃப்டில் குழந்தையோடு ஏறும் பாட்டிக்கும் அதே கல் முகம்தான்.

அப்புறம் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதிவு யோக்கியமாக இருக்காது. சார்ஜர் கொடுத்தவரைப் பற்றித் தம்பியிடம் நெகிழ்ந்து நெகிழ்ந்து பேசிய அதே காலையில், மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தேன். படிக்கட்டு ஓரம் ஓர் அம்மா கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, "எக்ஸ்ரே எங்கம்மா எடுக்கிறாங்க?" என்று கேட்டார். இடம் எனக்குத் தெரியும். நடக்கவே சிரமப்பட்ட அவரைக் கூட்டிப்போய் விட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பின்பக்கமாகக் கையை நீட்டிவிட்டு ஓடிவிட்டேன். மருந்துக் கடையில் எனக்கு முன்னால் பதினைந்து பேர். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்து நான் சாதித்தது ஒன்றுமில்லை.

1973இல் வெளியான இன்னோர் ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும். அவர்களில் ஒரு பாதிப்பேருக்குக் கொடுத்த தலைப்பு, பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சுருண்டு கிடந்தார், அது ஏற்பாடுதான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். என்ன தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. படித்தபோது அந்த மாணவர்களைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அந்த அம்மாவின் காகிதம் ஞாபகத்துக்கு வந்தது.

மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. அவசரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். உதவியைக் கேமரா முன் செய்து பதிவேற்றுகிறவர்களுக்கு மட்டும் எப்படியோ நிறைய நேரம் இருக்கிறது. சரி, அது வேறு பஞ்சாயத்து.

அப்பா பிழைத்து வந்துவிட்டார். அன்று காலை மருந்தோடு நான் திரும்பி வந்தபோது பெரியவரின் நாற்காலி காலியாக இருந்தது, சார்ஜர் பிளக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவரை வார்டுக்கு மாற்றியிருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். ராத்திரி முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தும், உங்களுக்கு உள்ளே யார் என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. மதியம்வரை காத்திருந்தேன். நர்ஸிடம் விசாரிக்கலாம் என்றால் என்ன பெயரைச் சொல்வது? சார்ஜர் என்னிடமே தங்கிவிட்டது. இப்போதைய போனுக்கு அது பொருந்தாது. பைக்குள்தான் கிடக்கிறது.