நான்கு கொக்கிகளில் மிச்சம் பிடித்த கணக்கு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் ஊஞ்சல் போட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கடையில் விற்கும் தோட்ட ஊஞ்சலின் விலை கட்டுப்படியாகாததால், 12,000 ரூபாய்க்குள் நானே செய்துவிடுவது என்று இறங்கினேன். மிச்சம் பிடிக்கத் தகுந்த இடங்களில் எல்லாம் பிடித்தேன். புதுத் தேக்குக்குப் பதிலாக, இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் இடத்தில் ஒரு பழைய கதவுப் பலகையைத் தேடியெடுத்து, நானே இழைத்து எண்ணெய் பூசினேன். குழி தோண்டியதும் நான்தான். எடையைத் தாங்கும் குழாயிலும் கொக்கியிலும் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம் என்று, இரும்புச் சட்டத்தை வெல்டிங் வைத்துத் தந்த பட்டறைக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். அவர் குறைத்தது அங்கேதான்.

நான் கேட்டதும் பணம் கொடுத்ததும் இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்; தடிமனில் நடுத்தரமான பி கிளாஸ். நான்கு கால்களுக்கு எட்டெட்டு அடி, குறுக்குச் சட்டத்துக்கு ஏழு அடி என்று 39 அடி. ஏ கிளாஸ் குழாயில் மஞ்சள் பட்டை இருக்கும், பி கிளாஸில் நீலம், சி கிளாஸில் சிவப்பு. அந்தப் பட்டை என் கண்ணில் படுவதற்கு முன்பே குழாய் முழுவதும் ரெட் ஆக்சைடு என்ற சிவப்புத் துருத்தடுப்புப் பெயின்ட் பூசி வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு நாள் துருவைச் சுரண்டியபோது உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. தராசில் ஏற்றியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இந்த அளவில் 20 அடி பி கிளாஸ் குழாய் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும், ஏ கிளாஸ் 25 கிலோதான். ஒவ்வொரு குழாயிலும் குறைந்த அந்த ஐந்து கிலோ இரும்புக்கும் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்!

வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அதன்மேல் துத்தநாகப் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாத செய்தியா? ஐப்பசி மழை முடிவதற்குள் நான்கு மூட்டுகளும் பழுப்பேறிவிட்டன. கால் ஊன்றிய கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டியிருக்க, "நாளைக்கே ஆடலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லவேளையாக அதை நான் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். கொக்கியை என்னால் பொறுக்க முடியவில்லை. மூடிய வளையமும், வாயைத் திருகாணியால் பூட்டும் டி ஷாக்கிள் என்ற இரும்புக் கொளுவியும் கேட்டிருந்தேன். கம்பியை வளைத்துச் செய்த, வாய் திறந்த எஸ் கொக்கிகளை மாட்டியிருந்தார். கேட்டதற்கு, "இதுவே ஒரு ஆளைத் தாங்கும், போதும்" என்றார். ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தாங்கும்தான். ஊஞ்சல் 60 பாகை வரை உயர்ந்து இறங்கினால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது சங்கிலிகள் ஏற்கும் இழுவிசை ஆளின் எடையைப் போல் இரண்டு மடங்காகிவிடும். அந்தச் சுமை ஒவ்வோர் ஆட்டத்திலும் கொக்கியின் வாயை மயிரிழை மயிரிழையாக விரிக்கிறது. மூன்றாவது வாரம், அம்மா என் மகளை மடியில் வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு கொக்கி நிமிர்ந்து கழன்றது. பலகை ஒரு பக்கமாகச் சாய, அம்மா குழந்தையை மார்போடு அணைத்தபடி இடுப்பு தரையில் மோத விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் 68 வயதில் பத்து நாள் படுக்கை என்பது சிறிய விஷயமா?

நான்கு டி ஷாக்கிள்களுக்குக் கூடுதலாக ஆகியிருக்கும் செலவு சில நூறு ரூபாய். அதைத் தருவதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். என் பணத்தில், என் தாயின் உடம்பைப் பணயம் வைத்து, "போதும்" என்று தீர்மானிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? எத்தனை கிலோ தாங்கும் என்று அந்தக் கொக்கியில் ஓர் எண்கூடப் பொறிக்கப்படவில்லை. விற்ற கடைக்காரரைக் கேட்டால், "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்கிறார்.

அம்மா பிறந்த வீட்டில் உத்தரத்தைத் துளைத்து மாட்டிய இரும்பு வளையங்களில் மூன்று தலைமுறை ஊஞ்சல் ஆடியிருக்கிறது. அதே அம்மா இப்போது கொல்லைக்கு வந்தால் ஊஞ்சலைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி, உட்காருவதில்லை. நேற்று ஷாக்கிள் வாங்கப் போனேன். அதே கடை வாசலில் அதே எஸ் கொக்கிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன.