வெறும் தலைவலிதானே!

சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் விழாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும், அந்த வீடியோவைத்தான் ஆளுக்கொரு குரூப்பில் தட்டிவிட்டீர்களே. ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி என் அண்ணன் கேட்டார். மைக் வைத்திருந்தவர், "பீரங்கிக்கே பயப்படாத பட்டாளத்துக்காரருக்கு நம்ம ஸ்பீக்கர் தலைவலி குடுக்குதாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அண்ணன் இங்கே பெங்களூர் அல்சூரில், எம்.இ.ஜி. என்கிற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவர். மெட்ராஸ் சேப்பர்கள் என்கிற இந்தப் படைக்காரர்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்பார்கள், எனக்கு அவர் அண்ணன். பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம் சமயம், 2002 கடைசியில், ராஜஸ்தான் எல்லையில் புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுக்கும் வேலை. சற்றுத் தள்ளி ஒன்று வெடித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. 5 நிமிஷம் நினைவில்லை, எழுந்ததும் பக்கத்தில் நின்றவர் பேர் வரவில்லை. ஸ்கேன் சுத்தம். 'மைல்ட்' என்று எழுதிவிட்டார்கள்.

பாதிக் கெடுதல் அந்தச் சொல்லால்தான். 30 நிமிஷத்துக்குள் நினைவு வந்து, 24 மணி நேரத்துக்குள் குழப்பம் தெளிந்தால் அது லேசான மூளைக்காயம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வலியும் லேசாக இருக்கும் என்று யார் சொன்னது? வெடி அதிர்வில் மூளை மண்டைக்குள் குலுங்கி நரம்பிழைகள் இழுபடும், சாதாரண சி.டி. ஸ்கேனில் அது தெரியாது. அண்ணனுக்கு ஒற்றைத் தலைவலி மாதிரியே வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, ஈரத் துண்டால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொள்வார். குழாய் சொட்டினால்கூட எழுந்து அதன் வாயில் துணியைச் சுற்றுவார்.

"எங்களுக்கும்தான் தலை வலிக்குது, சில்க் போர்டு டிராஃபிக்கில் நின்னு பாரு" என்பீர்கள். நானும் தினம் நிற்கிறேன். வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்தால் எனக்குப் போய்விடுகிறது. மாத்திரை போட வேண்டியதுதானே? போட்டார். மாதத்தில் 15 நாள், மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அதையும் பார்த்தாயிற்று. இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா? ஆமாம், அப்புறமும்தான்.

2020 ஜனவரியில் ஈராக்கில் அமெரிக்கப் படையினர் இருந்த அல் அசாத் தளத்தில் ஈரான் ஏவுகணைகள் விழுந்தபோது டிரம்ப்பும் இதையேதான் சொன்னார்: தலைவலியாம், பெரிதாக ஒன்றுமில்லையாம். கடைசியில் மூளைக்காயம் என்று கணக்கெடுத்தால் நூறு பேருக்கு மேல். அங்கே சிலருக்குப் பிறகு பதக்கமாவது கொடுத்தார்கள். இங்கே ஆகஸ்ட் 15 காலையில் மட்டும் "சார், மெடலெல்லாம் குத்திக்கிட்டு வாங்க" என்று கதவைத் தட்டுவீர்கள். அவரும் வந்து, அதே ஸ்பீக்கர் பக்கத்தில், தொப்பியைக் கண் வரை இறக்கிக்கொண்டு நிற்பார். அப்போது அவர் வேண்டும். அவர் தலைக்குள் இருப்பது மட்டும் வேண்டாம்.

உங்களை மட்டும் சொல்லி என்ன? ஒரு தீபாவளிக்கு, "சும்மா சீன் போடாதீங்கண்ணா, பசங்க வெடிக்கட்டும்" என்று சொன்னவள் நான்தான். அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தார்.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று வீட்டுக்கு வராதீர்கள். வந்தால் உங்களுக்குக் காபி போடச் சொல்லி என்னைத்தான் விரட்டுவார்.