சனியை அளந்து வரைந்தவர் நிலவில் ஏன் சறுக்கினார்?

அறிவியல் புனைகதைக்கு அட்டைப்படம் போடுபவருக்குக் கற்பனை வளம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கற்பனை யாரிடம்தான் இல்லை? அளக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி. விண்வெளிக் காட்சிகளை வரைந்த அமெரிக்க ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல்லின் தொழில்வாழ்க்கையை அதற்குச் சாட்சிக்கு அழைக்கிறேன். அவர் ஜெயித்த இடமும் சறுக்கிய இடமும் இரண்டுமே என் பக்கம்தான் பேசுகின்றன.

1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1905இல் லிக் வானாய்வகத்தில் சனியைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த படம், மறுவருட நிலநடுக்கத் தீயில் போய்விட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, முடிக்காமல் விட்டார். ஆனால் சோறு போட்டது அதுதான். நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்தில் வேலை பார்த்தார். கோல்டன் கேட் பாலம் எழும்புவதற்கு முன்பே, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டினார். ஐம்பது வயதில் ஹாலிவுட்டில் மேட் பெயின்டர் ஆனார். செட் போட்டு மாளாத கோட்டையையும் நகரத்தையும் வரைந்து, நடிகர்கள் நடித்த காட்சியோடு இணைக்கும் வேலை அது. கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது, எந்த லென்ஸ் என்று கணக்குப் பார்க்காமல் வரைந்தால் ஒட்டுப்போட்டது திரையில் பல்லிளிக்கும்.

1944 மே மாத லைஃப் இதழில் அவருடைய சனிப் படங்கள் வந்தபோது வயது 56. நாற்பதில் துறை மாறலாமா என்று கேட்பவர்கள் கவனிக்க.

அந்த வரிசையில் புகழ்பெற்றது சனியின் துணைக்கோளான டைட்டனிலிருந்து தெரியும் சனி. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். டைட்டனிலிருந்து சனி ஏறத்தாழ 12,20,000 கி.மீ. தூரம். சனியின் விட்டம் 1,20,500 கி.மீ. ஆக, வானத்தில் அது பிடிக்கும் கோணம் சுமார் 5.7 டிகிரி. நம் முழுநிலவு அரை டிகிரிதான், அதைப்போல் 11 மடங்கு. இனி 40 செ.மீ. அகலத் தாளை எடுங்கள். தாளின் இரு ஓரங்களுக்கு இடையே 40 டிகிரி காட்சி என்று வைத்தால் சனி 5.4 செ.மீ. வரும். 90 டிகிரி அகலக்கோணம் வைத்தால் வெறும் 2 செ.மீ. தூரத்தை இழுத்துக் காட்டும் 15 டிகிரி டெலிலென்ஸ் பார்வை என்றால் 15 செ.மீ.

இன்று இணையத்தில் பாதிப் படங்கள் கெடுவது இங்கேதான். வானத்தை அடைத்துக்கொண்டு கோள் நிற்கும். அது டெலிலென்ஸ் பார்வை. கீழே விண்வெளி வீரரின் காலடிப் பாறை வரை தெரியும். அது அகலக்கோணம். ஒரே தாளில் இரண்டு லென்ஸ். என்ன தப்பு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பொம்மைக்கடை மாதிரி இருக்கிறது என்பது மட்டும் கண்ணுக்குப் பட்டுவிடும். கோள் பெரிதாகத்தான் வேண்டும் என்றால் இன்னும் நெருங்கிய துணைக்கோளில் போய் நில்லுங்கள். மைமாஸிலிருந்து சனி 37 டிகிரிக்கு மேல் பிடிக்கும்.

வளையமும் அப்படியே. டைட்டன் சுற்றுவது கிட்டத்தட்ட வளையத் தளத்திலேயே. அதனால் அங்கிருந்து வளையம் தட்டாகத் தெரியாது, கத்தி முனைபோல் ஒரு கோடாகத்தான் தெரியும். போன்ஸ்டெல் கோடாகத்தான் போட்டார். சனியைப் பிறையாகவும் வைத்தார். கோள் மெல்லிய பிறை என்றால் சூரியன் அதற்குப் பக்கத்துத் திசையிலேயே இருக்கிறது என்று பொருள். அப்போது முன்னால் உள்ள பாறைகளுக்குப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரவேண்டும். பிறையையும் போட்டு, பாறையின் முகத்திலும் பளீரென்று வெயில் அடிக்கவிட்டால் கதை முடிந்தது.

தரைக்கு அவர் வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்டிசின் என்ற செயற்கைக் களிமண்ணில் நிலப்பரப்பைச் சிறு மாதிரியாகச் செய்து, லென்ஸுக்குப் பதில் சிறு துளை மட்டும் உள்ள ஊசித்துளைக் கேமராவில் படம் எடுத்து, பெரிதாக்கிய படத்தின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டுவார். ஊசித்துளை எதற்கு? சாதாரண லென்ஸைச் சின்ன மாதிரியின் அருகே கொண்டுபோனால் ஒரு பகுதிதான் தெளிவாக விழும், மீதி மங்கும். மங்கினால் பொருள் சின்னது என்று கண் கண்டுபிடித்துவிடும். ஊசித்துளையில் அருகும் தொலைவும் ஒரே அளவு தெளிவு. வெளிச்சத்தை நீண்ட நேரம் விடவேண்டும், அவ்வளவே. காற்றில்லாத உலகத்துக்கு இது இரட்டிப்புப் பொருத்தம். அங்கே தூரத்து மலை நீலமாக மங்காது. தூரத்தைக் காட்ட ஓவியருக்கு மிஞ்சுவது அளவும், ஒன்றை ஒன்று மறைப்பதும், கிட்டத்தில் முடிந்துவிடும் அடிவானமும்தான். நிலவில் நிற்பவருக்கு அடிவானம் 2.4 கி.மீ.யிலேயே முடிந்துவிடும்.

1952 முதல் 1954 வரை காலியர்ஸ் இதழின் விண்வெளித் தொடருக்கு ராக்கெட் நிபுணர் வெர்னர் ஃபான் பிரவுனோடு வேலை செய்தார். தான் அனுப்பிய ராக்கெட் வரைபடங்களில் போன்ஸ்டெல் குறை கண்டு, கேள்விகளோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று பின்னாளில் பிரவுனே எழுதினார். இப்படிப்பட்ட மனிதரா தப்பு செய்தார்?

செய்தார். ஆனால் இரண்டு தப்பையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. டைட்டன் வானத்தை நீலமாக வரைந்தார். உண்மையில் அங்கே ஆரஞ்சு நிறப் புகைமூட்டம், தரையிலிருந்து சனி கண்ணுக்கே தெரியாது. 1944இல் இதை யாரும் அறிய வழியில்லை. அது மன்னிப்புக்குரியது. நிலவின் மலைகள் அப்படியல்ல. ஈட்டிமுனைச் சிகரங்களாகவே வரைந்தார். காற்றும் நீரும் இல்லை, தேய்மானமும் இல்லை என்பது அன்றைய வாதம். நுண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மோதி மழுக்கிவிடும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. 1950இன் ‘டெஸ்டினேஷன் மூன்’ படத்தில், செட்டுக்கு ஆழம் காட்டக் கலை இயக்குநர் நிலவுத் தரையை வறண்ட ஏரிபோல் வெடிக்கவைத்தபோது, தண்ணீர் இல்லாத இடத்தில் இது எப்படி வரும் என்று எதிர்த்தவர் இதே போன்ஸ்டெல். வெடிப்பில் இருந்த கறார் சிகரத்தில் இல்லை. சிகரம் அழகாக இருந்ததே!

பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அவர் வரைந்த 40 அடி நிலவுச் சுவரோவியம், மனிதன் நிலவில் கால்வைத்த மறுவருடம், 1970இல், கழற்றப்பட்டது.

அன்றைக்கே சரியாக வரைந்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுக்காரர் லூசியன் ரூடோ, 1930களிலேயே மழுங்கிய மலைகளைப் போட்டவர். நிலவின் நடுப்பகுதியில் சூரியன் 5 டிகிரி உயரத்தில் நின்றால் மேட்டின் நிழல் அதன் உயரத்தைப்போல் 11 மடங்கு நீளும். சாதாரண மேடுகூட ஊசிபோல் தெரியும்; மற்றவர்கள் ஏமாந்தது அந்த நிழலில். ரூடோ பார்த்தது நிலவின் விளிம்பை. அங்கே மலைகள் கரிய வானத்துக்கு எதிரே பக்கவாட்டில் நிற்கின்றன. சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும், அவை ஊசியாக இல்லை.