குப்பை வண்டியில் ஏறுவதற்கு முன்

வட சென்னையின் கொடுங்கையூர் குப்பைமேட்டில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலை வேண்டாம் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: “அப்போ இவ்வளவு குப்பையை என்னதான் பண்ணச் சொல்றீங்க?” நியாயமான கேள்விதான். 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மேட்டுக்கு ஒரே பதிவில் விடை சொல்லிவிட முடியாது. அங்கே போய்ச் சேரும் ஒரே ஒரு சரக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பழத்தோல்.

வியாசர்பாடி, மூலக்கடை, எம்.சி. ரோடு என்று எந்த ஜூஸ் கடையின் பின்பக்கம் போனாலும் ஒரு நீல டிரம் நிற்கும். சாத்துக்குடிச் சக்கை, மாதுளைத் தோல், கருப்புத் திராட்சையை வடிகட்டிய கசடு எல்லாம் அதில்தான். மாதுளையின் எடையில் ஏறக்குறைய பாதி தோல்தான். சாயங்காலம் வரை அந்த டிரம்மில் பழத்தைத் தவிர வேறெதுவும் இருக்காது. ராத்திரி கடை கட்டும்போது அதன் மேலேயே கப்பும், 2019-லேயே தடை போட்ட பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் விழும். அந்த நிமிஷத்தில்தான் அது குப்பையாகிறது.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். கருப்புத் திராட்சைத் தோலிலும் நாவல்பழத் தோலிலும் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது. எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும். ஆப்ப சோடா போட்டால் நீலமாகி, பச்சை பக்கம் போகும். கடல்மீன் கெட ஆரம்பித்ததும் பாக்டீரியாக்கள் அதன் சதையில் உள்ள ட்ரைமெத்திலமீன் ஆக்சைடை ட்ரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்தக் கவிச்சி இதுதான். கூடவே அம்மோனியாவும் வரும். இரண்டுமே காரத்தன்மை உள்ள ஆவிகள். அப்படியானால் திராட்சைத் தோலின் சாயம் ஏறிய ஒரு சின்ன லேபிளை மீன் பாக்கெட்டின் உட்பக்கம் ஒட்டினால், உள்ளே நடப்பதை வெளியே இருந்தே பார்க்கலாம். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

வகுப்பிலும் செய்து பார்த்தோம். வடிதாளைத் தோல் சாற்றில் நனைத்து, நிழலில் காயவைத்து, டப்பா மூடிக்குள் ஒட்டி, கீழே ஒரு துண்டு கானாங்கெளுத்தியை வைத்து மூடினோம். ஐஸ் வைக்கவில்லை. மறுநாள் காலையில் இளஞ்சிவப்பு போய், தாள் முழுக்கச் சாம்பல் கலந்த நீலம். மூடியைத் திறக்கவே தேவைப்படவில்லை. “எங்கம்மா செவுளைத் தூக்கிப் பாத்தே சொல்லிடும் சார்” என்றாள் ஒரு பிள்ளை. அவள் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். அவள் சொன்னது முழு உண்மை. ஆனால் துண்டு போட்டு, தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி வீட்டு வாசலுக்கு வரும் மீனில் செவுளுக்கு எங்கே போவது? அந்த மீனுக்குத்தான் இந்த லேபிள்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பார்மலின் போட்ட மீனை இது காட்டிக்கொடுக்காது. பார்மலின் பாக்டீரியாவையே அடக்கிவிடுவதால் ஆவி வராது, லேபிள் சமர்த்தாகச் சிவப்பாகவே இருக்கும். வெயிலிலும் சூட்டிலும் சாயம் வெளுக்கும். திராட்சைக்கு அடித்த பூச்சிமருந்து தோலில் மிச்சம் இருந்தால் சாற்றிலும் வரலாம். சோதிக்காமல் உணவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

பழத்தோலிலிருந்து எடுத்தது என்பதால் மட்டும் அது நல்லதாகிவிடாது. எப்படி எடுக்கிறோம் என்று கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மெத்தனாலில் ஊறவைத்தால் சாயம் நன்றாக இறங்கும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்த அதே மெத்தனால். உணவுப் பொட்டலத்துக்கு அந்த வழியே வேண்டாம். தண்ணீர், கொஞ்சம் சிட்ரிக் அமிலம், வேண்டுமானால் எத்தனால் போதும். எத்தனாலை வாலை வடித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது, தாண்டினால் நிறமி சிதையும். லேபிளுக்கான படலத்தைக் காசிமேட்டு இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசன் என்ற பொருளில் செய்யலாம் என்பது எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் ஓட்டிலிருந்து அதைப் பிரிக்க அமிலமும் காரமும் வேண்டும். அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவதாக இருந்தால் தயவுசெய்து ஆரம்பிக்கவே வேண்டாம். ஆலைக் கழிவால் மணலியும் எண்ணூரும் பட்டது போதும்.

மற்றதெல்லாம் நேரத்தைப் பொறுத்தது. தோலை உரித்துப் போட்டதுமே அதிலுள்ள நொதிகள் வேலையை ஆரம்பிக்கும். பழுப்பேறும், பூஞ்சை பிடிக்கும், நிறமி போகும். நம் வெயிலில் மறுநாள் வரை அது தாங்காது. அதனால் அன்றன்றே, தனி டிரம்மில், அதே வட்டாரத்தில் எடுத்தாக வேண்டும். சாயம் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை சாண எரிவாயுக் கலத்துக்கோ உரத்துக்கோ போகட்டும். பெரும்பங்கு தண்ணீராக இருக்கும் ஒரு பொருளை உலையில் போட்டு மின்சாரம் எடுக்கிறோம் என்று சொன்னால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்குக் கேட்பார்கள்.

தரம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியாகிவிட்டது. புதுச் சட்டம் தேவையில்லை. ஜூஸ் கடைக்கு இரண்டாவது டிரம் தேவை, அதை எடுக்கத் தனி வண்டி தேவை, ஒவ்வொரு மண்டலத்திலும் காயவைக்க ஒரு கொட்டகை தேவை. நாளைக்கு இதில் காசு இருக்கிறது என்று தெரிந்து யாராவது கம்பெனி வந்தால், தோலை இலவசமாக அள்ளிக்கொண்டு போகவும் விடக்கூடாது. இன்று அழுகினதையும் அழுகாததையும் வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும், பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் சம்பளத்துக்கு மேல் தனிக் காசும் கொடுத்துவிட்டு எடுத்துப் போகட்டும்.